கவுண்டி கோர்ட்டில் தள்ளுபடி, மறுநாளே ஃபெடரல் வழக்கு: அமெரிக்காவில் இது எப்படி?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் எம்.எஸ். படிக்கும் உங்கள் தம்பி, மோசடிக் கும்பல் ஏமாற்றிய ஒரு முதியவர் வீட்டு வாசலில் பணப் பொட்டலம் வாங்கப் போனபோது உள்ளூர் போலீஸாரிடம் பிடிபட்டார். கவுண்டி, அதாவது மாவட்ட, சிறையில் வைத்து மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து "கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது" என்று ஃபோன் வந்தது. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தீர்கள். மறுநாள் காலையில், ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வழக்கு என்று சொல்லி அவரை நியூவார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "ஃபெடரல் குற்றச்சாட்டுக்கும் மாநிலக் குற்றச்சாட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ளத் தவிப்பது வேறு என்று நினைக்கிறேன். தள்ளுபடி ஆன விஷயத்துக்கே மறுபடி எப்படி வழக்குப் போட முடியும், இது முன்னதைவிட மோசமா, ஊரில் இருந்துகொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும். இந்த மூன்றுக்கும்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் நியூ ஜெர்சியில் 17 ஆண்டுகளாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடி வருகிறேன். பாதி வேலை கவுண்டி நீதிமன்றங்களில், பாதி நியூவார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில். உங்கள் தம்பியின் காகிதங்களை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இதுதான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சட்டத்தில் உறுதியாக இருப்பது எது, அரசு வழக்கறிஞரின் விருப்பத்தைப் பொறுத்தது எது என்று பிரித்துச் சொல்கிறேன். மாநிலச் சட்டம் என்று நான் குறிப்பிடுவது நியூ ஜெர்சியின் சட்டத்தை. டெக்ஸஸிலோ கலிபோர்னியாவிலோ அது வேறு மாதிரி இருக்கும்.

ஃபெடரல் என்றால் சிபிஐ மாதிரியா என்று கேட்டீர்கள். அந்த ஒப்பீடுதான் நம்மவர்களைக் குழப்புகிறது. நம் நாட்டில் தமிழ்நாடு போலீஸ் வழக்குப் பதிந்தாலும் சிபிஐ பதிந்தாலும், அடிப்படைச் சட்டம் ஒன்று: முன்பு இந்திய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. மேல்முறையீடு போகிற உயர் நீதிமன்றமும் ஒன்றுதான். அதனால் சிபிஐ என்றால் அதே ஏணியில் ஒரு படி மேலே என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். அமெரிக்காவில் இரண்டு தனித்தனி ஏணிகள். 50 மாநிலங்களுக்கும் தனித்தனிக் குற்றச் சட்டம், தனி போலீஸ், தனி அரசு வழக்கறிஞர்கள், தனி நீதிமன்றம், தனி சிறை. ஃபெடரல் அரசுக்கும் இவை எல்லாம் தனியாக உண்டு. தம்பியின் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவுண்டி காகிதத்தில் 'ஸ்டேட் ஆஃப் நியூ ஜெர்சி எதிர்' என்று போட்டு அவர் பெயர் இருக்கும். சட்டப் பிரிவு '2சி' என்று ஆரம்பிக்கும். ஃபெடரல் காகிதத்தில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா எதிர்' என்று இருக்கும். பிரிவு பெரும்பாலும் '18 யு.எஸ்.சி.' என்று தொடங்கும்; ஃபெடரல் சட்டத் தொகுப்பில் குற்றங்களுக்கான பகுதி அது. வழக்குத் தொடுப்பவரே வேறு ஆள். முதல் ஆள் விலகிக்கொண்டார், இரண்டாம் ஆள் வந்திருக்கிறார்.

இந்த இரண்டாம் ஆளுக்கு எல்லாவற்றிலும் கைவைக்க அதிகாரம் கிடையாது. கொலை, திருட்டு, அடிதடி போன்ற சாதாரணக் குற்றங்களைத் தண்டிக்கும் பொது அதிகாரம் மாநிலங்களுக்குத்தான். ஃபெடரல் அரசு ஒரு குற்றத்தைத் தொட வேண்டுமானால், அரசமைப்புச் சட்டம் அதற்குக் கொடுத்த அதிகாரங்களில் ஒன்றோடு அந்தக் குற்றத்துக்கு முடிச்சு இருக்க வேண்டும். கள்ள நோட்டு, தபால், எல்லை தாண்டுதல், வரி, மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகம், இப்படி. இந்த முடிச்சு காலப்போக்கில் எப்படி வளர்ந்தது என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி. 1932 மார்ச்சில் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையை நியூ ஜெர்சியின் ஹோப்வெல் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மாநில எல்லை தாண்டிய ஆள்கடத்தலுக்கு அன்று ஃபெடரல் சட்டம் கிடையாது. அந்தக் கோபத்தில் நாடாளுமன்றம் அதே ஆண்டு ஜூனில் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அந்தக் குற்றம் சட்டத்துக்கு முந்தியது. அதனால் குற்றம் சாட்டப்பட்ட ஹாப்ட்மனை 1935இல் விசாரித்தது ஃப்ளெமிங்டன் என்ற சிற்றூரின் கவுண்டி நீதிமன்றம்தான். 1963இல் கென்னடி சுடப்பட்டபோதுகூட அதிபரைக் கொல்வது ஃபெடரல் குற்றமாக இல்லை, 1965இல்தான் ஆனது. 1995இல் லோபஸ் வழக்கில், பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தண்டிக்கும் ஃபெடரல் சட்டத்தை, வணிகத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆக, எல்லை உண்டு. ஆனால் நடைமுறையில் அந்த எல்லை ரொம்ப அகலம். உங்கள் தம்பியின் வழக்கில், இந்தியாவிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ அந்த முதியவருக்கு வந்த ஒரு ஃபோன் அழைப்பு, தம்பிக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி, இது ஒன்றே 'வயர் ஃப்ராட்' என்கிற தொலைத்தொடர்பு வழி மோசடிக்குப் போதும். 18 யு.எஸ்.சி. 1343. அதிகபட்சத் தண்டனை 20 ஆண்டு. அந்தக் குற்றத்துக்குக் கூட்டுச் சதி செய்ததாகப் போட்டாலும் அதே 20 ஆண்டுதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரே செயலுக்கு இரண்டு முறை எப்படி? அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம், ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது. நம் அரசமைப்பின் 20(2) போல. இது இங்கே உதவாததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அந்தப் பாதுகாப்பு வழக்குப் போட்டவுடன் தொடங்குவதில்லை. ஜூரி உறுதிமொழி எடுத்த பிறகுதான் தொடங்கும். ஜூரி இல்லாத விசாரணையில் முதல் சாட்சி உறுதிமொழி எடுத்த பிறகு. மூன்று வாரத்தில் தள்ளுபடியான வழக்கில் அந்தக் கட்டமே வரவில்லை. இரண்டாவது, மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனி இறையாண்மைகள் என்பதால், ஒரே செயல் இரண்டு சட்டங்களை மீறும்போது அவை இரண்டு குற்றங்கள் என்று உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அலபாமாவில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மாநிலத்திலும் ஃபெடரலிலும் தண்டிக்கப்பட்ட கேம்பிள் என்பவர் இதை மாற்றச் சொல்லிப் போனார். 2019இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் பழைய நிலையே உறுதியானது. நீதிபதிகள் கோர்சுச்சும் கின்ஸ்பர்க்கும் மறுத்து எழுதினார்கள். வழக்கமாக எதிரெதிர் முனையில் நிற்கும் அந்த இருவர் எழுதிய வாதங்கள்தான் எனக்குச் சரியாகப் படுகின்றன. ஆனால் சட்டம் இன்று பெரும்பான்மை சொன்னதுதான். ஜார்ஜ் ஃப்ளாய்டைக் கொன்ற போலீஸ்காரர் டெரெக் ஷாவினுக்கு மினசோட்டா நீதிமன்றம் 2021இல் 22.5 ஆண்டு கொடுத்தது. மறு ஆண்டு ஃபெடரல் நீதிமன்றம் 21 ஆண்டு கொடுத்தது. இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவிக்கிறார். 1992இல், ராட்னி கிங் என்பவரைப் போலீஸார் அடித்த வழக்கில் மாநில ஜூரி அவர்களை விடுவித்தபோது, அடுத்த ஆண்டு ஃபெடரல் ஜூரி அவர்களில் இருவரைத் தண்டித்ததும் இதே வழியில்தான்.

அப்படியானால் நாளை மாநிலம் திரும்பி வந்து அதே வழக்கை மறுபடி போடுமா? இது உறுதியில்லாத இடம். ஐந்தாம் திருத்தம் மாநிலத்தைத் தடுக்காது. ஆனால் பல மாநிலங்கள் தாமாகவே சட்டம் போட்டு, ஃபெடரலில் முடிந்த விஷயத்துக்குத் தங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபெடரலில் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டிருந்த, டிரம்ப்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மேனஃபோர்ட் மேல் நியூ யார்க் போட்ட வழக்கை 2019இல் நீதிபதி தள்ளியது அந்த மாநிலத்தின் அத்தகைய சட்டப்படிதான். ஃபெடரல் நீதித்துறைக்கும் 'பெட்டிட் கொள்கை' என்று ஒன்று உண்டு: மாநிலம் ஏற்கெனவே முடித்த வழக்கைப் பெரிய காரணம் இல்லாமல் தொடக் கூடாது என்று. அது அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதி. மீறினால் நாம் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. நான் பார்த்தவரையில், ஃபெடரலுக்கு விட்டுக்கொடுப்பதற்காகவே கவுண்டி தள்ளுபடி செய்த வழக்கு திரும்பி வருவது அபூர்வம். தள்ளுபடி உத்தரவில் காரணம் என்ன எழுதியிருக்கிறது, மறுபடி வழக்குப் போடும் உரிமையை வைத்துக்கொண்டு தள்ளினார்களா என்று தம்பியின் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, இது மோசமா? தயங்காமல் சொல்ல வேண்டியது: பெரும்பாலும் ஆம். ஃபெடரல் என்ற பெயரால் அல்ல. நியூ ஜெர்சி சட்டத்தில் ஏமாற்றித் திருடுவது, தொகை 500 டாலரைத் தாண்டி 75,000க்குள் இருந்தால் மூன்றாம் நிலைக் குற்றம்; மூன்றிலிருந்து ஐந்தாண்டு. முதல் தடவை தவறு செய்தவருக்கு அந்த நிலையில் சிறை வேண்டாம் என்பதுதான் சட்டத்தின் தொடக்கப் புள்ளி. அதோடு பி.டி.ஐ. என்ற வழியும் உண்டு. சில காலம் கண்காணிப்பில் ஒழுங்காக இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே பல வழக்குகள் அப்படி முடியும். ஃபெடரலில் அதுபோன்ற வழி பெயரளவில் இருக்கிறது, கிடைப்பது அரிது. சிறையில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதும் மாறுகிறது. நியூ ஜெர்சியில் வன்முறையில்லாத குற்றத்துக்குப் பொதுவாகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிறகு பரோல் கேட்கலாம். ஃபெடரலில் 1987 நவம்பர் 1க்குப் பிறகான குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழியும். 2018ஆம் ஆண்டுச் சட்டம் படிப்பு, பயிற்சிக்கு மேலும் கழிவு கொடுத்தது. ஆனால் இறுதி நாடுகடத்தல் உத்தரவு வந்தவர்களால் அந்தக் கழிவைப் பயன்படுத்த முடியாது. வெளிநாட்டு மாணவர்களை அது நேராகவே பாதிக்கிறது.

அப்புறம் தண்டனைக் கணக்கு. ஃபெடரலில் அதற்கென்று ஒரு கட்ட அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் குற்றத்தின் கடுமை 1 முதல் 43 வரை, மேலே முன் வரலாறு ஆறு வகை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக் கணக்கு இருக்கும். 2005இல் உச்ச நீதிமன்றத்தின் புக்கர் தீர்ப்புக்குப் பிறகு இது நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் எல்லோரும் அங்கிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். மோசடி வழக்கில் இந்தக் கட்டத்தை ஏற்றுவது இழப்புத் தொகை. உங்கள் தம்பி கையில் வாங்கியது ஒரு பொட்டலம்தான் என்றாலும், அவர் சேர்ந்து செய்ய ஒப்புக்கொண்ட வேலைக்குள் மற்றவர்கள் வாங்கிய பொட்டலங்களும், அவர் எதிர்பார்த்திருக்க முடியும் என்றால், அவர் கணக்கில் ஏறும். பாதிக்கப்பட்டவர் வயதானவர், எளிதில் ஏமாறக்கூடியவர் என்றால் இரண்டு படி கூடும். சிறிய பங்கு வகித்தவர் என்று காட்டினால் இரண்டு முதல் நான்கு படி குறையும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு அல்லது மூன்று குறையும். இந்த மாதிரி வழக்கில் உண்மையான சண்டை 'செய்தாரா இல்லையா' என்பதைவிட 'எத்தனை பொட்டலம் இவர் தலையில்' என்பதில்தான் நடக்கிறது. 20 ஆண்டு என்ற எண்ணைப் பார்த்து உங்கள் அம்மா சாப்பிடாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது சட்டத்தின் உச்சவரம்பு. முன் குற்றம் இல்லாத, ஒன்றிரண்டு முறை பொட்டலம் வாங்கிய ஒருவருக்கு அட்டவணை காட்டுவது அதைவிட எவ்வளவோ கீழே இருக்கும். இதை அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஃபெடரல் வழக்கு கடினமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அவர்கள் வரும்போதே தயாராக வருகிறார்கள். உள்ளூர் போலீஸ் பெரும்பாலும் முதலில் பிடித்துவிட்டு அப்புறம் ஆதாரம் தேடும். ஃபெடரல் பெரும்பாலும் ஆதாரத்தைச் சேர்த்துவிட்டுக் கடைசியில் கதவைத் தட்டும். கொழும்பில் பிறந்த தமிழரான முதலீட்டு நிதி நிர்வாகி ராஜ் ராஜரத்தினத்தைப் பங்குச் சந்தை மோசடிக்காக 2009 அக்டோபரில் கைது செய்தபோது, அவருடைய தொலைபேசிப் பேச்சுகளை மாதக்கணக்கில் பதிவு செய்து கையில் வைத்திருந்தார்கள். 2011இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று முடிவாகி 11 ஆண்டு சிறை கிடைத்தது. உங்கள் தம்பியைப் போன்ற ஒரு பையனின் வழக்கில் நான் கண்ட இரண்டு காகிதங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. கவுண்டி புகார் அரைப் பக்கம்: இன்ன தேதி, இன்ன வீடு, இன்ன தொகை. அதே பையனுக்கு ஃபெடரல் ஏஜென்ட் எழுதிய பிரமாண வாக்குமூலம் 19 பக்கம். வாடகைக் கார் எந்தச் சுங்கச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது, வாசல் கேமராவில் தெரிந்த சட்டையின் நிறம், 'டிக்கி திறந்து வை, நீ இறங்காதே' என்று வந்த வாட்ஸ்அப் வரி, பணத்தை எண்ணி அவன் அனுப்பிய ஃபோட்டோ, எல்லாம் வரிசையாக இருந்தன. அதைப் படித்து முடித்ததும் அந்தப் பையன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பி, தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தான். 2018 நிதியாண்டில் ஏறக்குறைய 80,000 பேர் ஃபெடரல் வழக்கில் நின்றார்கள். விசாரணை வரை போனவர்கள் 2 சதவீதம். 90 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மாநிலங்களிலும் ஒப்புக்கொள்வதுதான் பெரும்பான்மை. ஆனால் அங்கே வழக்கு வலுவிழந்து தள்ளுபடியாவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஃபெடரலில் அதை நம்பி உட்கார முடியாது.

நடைமுறை எப்படிப் போகும் என்றால், நியூ ஜெர்சியில் சிறையில் இருப்பவருக்கு 90 நாளில் கிராண்ட் ஜூரி (வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) குற்றப்பத்திரிகை வர வேண்டும்; அதிலிருந்து 180 நாளில் விசாரணை. ஃபெடரலில் குற்றப்பத்திரிகைக்குக் கைதிலிருந்து 30 நாள், அப்புறம் விசாரணைக்கு 70 நாள். இரண்டிலும் நாள் நீட்டிப்பு சகஜம். தம்பியின் வக்கீலே நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பேச்சுவார்த்தைக்கு நேரம் வாங்குகிறார். ஃபெடரல் கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர், 12 பேர் சம்மதித்தால் போதும், உள்ளே நம் வக்கீலுக்கு இடமில்லை. ஜாமீனில் இரண்டுமே பணத்தைப் பிரதானமாக வைப்பதில்லை. நியூ ஜெர்சி 2017இலிருந்து பண ஜாமீனை ஏறக்குறைய விட்டுவிட்டது. ஃபெடரலில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓடிவிடுவாரா, மற்றவர்களுக்கு ஆபத்தா என்ற இரண்டைத்தான் பார்க்கிறார்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்கு 'ஓடிவிடுவார்' என்பதுதான் இடிக்கும். இங்கேயே வேலை பார்க்கும் உறவினரோ குடும்ப நண்பரோ, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட முன்வந்தால் நிலைமை மாறலாம். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆனால் நீதிபதி ஜாமீன் கொடுத்தாலும் குடிவரவுத் துறை வாசலிலேயே பிடித்துக்கொள்ளக்கூடும். ஜாமீன் கேட்பதற்கு முன்பே இதை வக்கீலிடம் பேசிவிட வேண்டும்.

குடிவரவு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நம்மவர்களில் பலருக்கு இது தெரியவில்லை. நாடுகடத்தும் சட்டத்துக்கு மாநிலத் தண்டனை, ஃபெடரல் தண்டனை என்ற பாகுபாடு கிடையாது. மோசடிக் குற்றத்தில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டினால், எந்த நீதிமன்றமானாலும், அது 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது நாடுகடத்தலுக்கு வழிவகுக்கும் கடுங்குற்றம். 2009இல் நிஜவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. 1985இல் இந்தியாவிலிருந்து வந்தவர் அவர். அவரைத் தண்டித்த பிரிவுகளில் இழப்புத் தொகை என்ற நிபந்தனையே இல்லை. தண்டனைக் கட்டத்தில் அவரே ஒப்புக்கொண்ட தொகையைப் பார்த்துக் குடிவரவு நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தக் காகிதத்தில் இழப்பு எவ்வளவு என்று ஒரு வரியில் எழுதுவதே தம்பி இங்கே இருப்பதா போவதா என்பதைத் தீர்மானிக்கலாம். 2010இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் பாடில்லா தீர்ப்புப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடிவரவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மாநில நீதிமன்றம் பின்னாளில் பதிவை அழித்தாலும் குடிவரவுத் துறைக்கு அது பெரும்பாலும் அழியாது.

இன்னொன்று, எதற்கும் சொல்லி வைக்கிறேன். மாநிலம் அனுமதிப்பதை ஃபெடரல் தடுக்கலாம். நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் 21 முதல் கஞ்சா கடையில் கிடைக்கிறது. ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். தம்பியின் அறை நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மன்னிப்பும் அப்படியே தனித்தனி: ஃபெடரல் தண்டனையை அதிபர் மன்னிக்கலாம், மாநிலத் தண்டனையை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

கடைசியாக, ஊரில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்று. முதலில், சிறையிலிருந்து அவர் ஃபோன் செய்யும்போது வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். வக்கீலோடு பேசுவதைத் தவிர எல்லா அழைப்பும் பதிவாகும். தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்த்து வாங்குவார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அம்மா நன்றாக இருக்கிறார், அவ்வளவு போதும். யார் பொட்டலம் வாங்கச் சொன்னது என்று நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்வார். அந்தப் பதில் அரசு வழக்கறிஞரின் மேஜைக்குப் போகும். இரண்டாவது, அவரோ அவருடைய அறை நண்பர்களோ ஏஜென்ட்களிடம் தனியாகப் பேசக் கூடாது. பிரமாணம் எடுக்காமல் வாசலில் நின்று சொன்ன ஒரு பொய்க்கே 18 யு.எஸ்.சி. 1001இன்படி ஐந்தாண்டு வரை கிடைக்கலாம். 2004இல் பிரபல தொலைக்காட்சி நட்சத்திரமும் தொழிலதிபருமான மார்த்தா ஸ்டூவர்ட் தண்டிக்கப்பட்டது பங்கு விற்றதற்காக இல்லை. அதைப் பற்றி விசாரித்தவர்களிடம் பொய் சொன்னதற்கும் விசாரணையைத் தடுத்ததற்கும். நண்பர்கள் ஃபோனிலிருந்து செய்திகளை அழிப்பதும் தனிக் குற்றமாகிவிடும்.

வக்கீல் விஷயத்தில் அவசரப்பட்டு நிலத்தை விற்காதீர்கள். ஃபெடரல் நீதிமன்றத்தில் வசதியில்லாதவருக்கு அரசே நியமிக்கும் ஃபெடரல் பப்ளிக் டிஃபென்டர் உண்டு. 'இலவச வக்கீல்' என்ற சொல் நம் காதில் விழும் விதத்தில் அவர்களை எடைபோட வேண்டாம். அவர்கள் இந்த வழக்குகளை மட்டுமே, இந்த நீதிபதிகள் முன்னால் மட்டுமே, ஆண்டு முழுவதும் நடத்துகிறவர்கள். பணம் கொடுத்து வைப்பதாக இருந்தால், கவுண்டி கோர்ட்டில் பார்த்த அதே வக்கீல் ஃபெடரலில் எத்தனை மோசடி வழக்கைத் தண்டனைக் கட்டம் வரை நடத்தியிருக்கிறார் என்று கேளுங்கள். தம்பிக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும், கோர்ட் ஆங்கிலம் வேறு. மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமை உண்டு. தமிழுக்கு ஃபெடரல் சான்றிதழ் தேர்வு கிடையாது. நீதிமன்றம் தகுதியானவரைத் தேடி ஏற்பாடு செய்யும். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

கவுண்டி சிறையில் இருந்த அந்த மூன்று வாரம் வீணா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வீணில்லை. வேறு எந்தத் தண்டனையிலும் கழிக்கப்படாத காவல் நாட்களை ஃபெடரல் தண்டனையில் கழிக்க வேண்டும் என்று 18 யு.எஸ்.சி. 3585 சொல்கிறது. மாநில வழக்கு தண்டனை இல்லாமல் தள்ளுபடியானதால் அந்த நாட்கள் தம்பிக்கே சேரும். அந்தக் கணக்கைப் போடுவது நீதிபதி அல்ல, சிறைத்துறை. அவர்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். கவுண்டி சிறையிலிருந்து உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் உள்ள சான்றையும், தள்ளுபடி உத்தரவின் நகலையும் இந்த வாரமே வாங்கி வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.